உணவின் அண்டை அயல்

இல்லறத்தைச் செம்மையாக நடத்த விழையும் குடும்பத்தார் எவரும் உணவுப்பொருளை நன்கு பார்த்தே வாங்குகின்றனர். அரிசியில் கல் உண்டா, பருப்பில் வண்டு உண்டா, மீனின் செவுள் சிவந்திருக்கிறதா என்றெல்லாம் ஆராய்கிறோம். ஆனால் வாங்கி வந்த பொருளை வீட்டில் எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதை அவ்வளவாக ஆராய்வதில்லை. நல்ல உணவு பல வேளைகளில் தன் குற்றத்தால் கெடுவதில்லை. தன் அண்டையில் இருப்பதன் குற்றத்தாலேயே கெடுகிறது.

தாதரில் வாழும் நம்மவர் பலருக்கு இஃது அன்றாடச் சிக்கலாகும். ஒற்றை அறைச் சால் வீட்டில் அடுப்பு ஒரு மூலை; கழுவுமிடமாகிய மோரி மறு மூலை. மேடைக்குக் கீழே எண்ணெய்த் தகரம். அதை ஒட்டினாற்போல் பினாயிலும் கரப்பான் மருந்தும். இடம் குறைவாக இருப்பது நம் குற்றமன்று. எனினும் இடம் குறைந்த வீட்டிற்கே ஒழுங்கு மிகுதியாக வேண்டும்.

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எம்மனோர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. சரக்கை ஏற்கும்போது எடையும் கட்டணமும் பார்த்தால் மட்டும் போதாது. எந்தப் பொருள் எதனோடு சேர்ந்து பயணம் செய்யலாகாது என்பதற்கும் விதி உண்டு. அபாயகரமான சரக்குகளுக்கென்றே ‘ரெட் டாரிஃப்’ என்னும் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. அத்தகைய விதிகளுள் ஒன்றின் பின்னே பெருந்துயரம் மறைந்து கிடக்கிறது.

1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டங்களை உண்டோர் திடீரென நோயுற்று வீழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோதுமையில் குற்றமில்லை. ஃபாலிடால் என்னும் பூச்சிமருந்தோடு சேர்த்து ஏற்றப்பட்டதனால் அம்மருந்து கசிந்து உணவில் கலந்திருந்தது. அதனை விசாரிக்கப் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே. சி. ஷா நியமிக்கப்பட்டார். பின்னர் 1968-இல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-இல் அதற்குரிய விதிகளும் வந்தன. பூச்சிமருந்து உணவுப்பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ நேரே தொடுமாறு ஏற்றவும் கூடாது, சேமிக்கவும் கூடாது. மூட்டை சிதைந்து கலந்துவிட்டால், தகுதியுடைய அதிகாரிகள் சோதித்துப் பார்க்கும்வரை அவ்வுணவை உரியவரிடம் ஒப்படைத்தலும் ஆகாது. இவை அவ்விதிகள் கூறுவன.

சரக்கு வண்டிக்கு உள்ள இந்த விதி நம் சமையலறைக்கு வேண்டாமா? 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. நஞ்சு இருந்த கலத்தில் எண்ணெய் ஊற்றி வைத்ததன் விளைவு அது. 2022-இல் நமது மும்பையிலேயே, மலாட் பகுதியில், எலிக்கென்று மருந்து தடவி வைத்த தக்காளியை அறியாமல் நூடுல்ஸில் நறுக்கிப் போட்டு உண்ட பெண்ணொருத்தி உயிரிழந்தாள். ஆகவே மருந்து இருந்த புட்டியில் உணவும், உணவு இருந்த புட்டியில் மருந்தும் ஒருகாலும் வைத்தலாகாது. எலிக்கு வைக்கும் மருந்தை நாம் உண்ணும் பண்டத்தில் தடவுவதும் தகாது.

நஞ்சாவது நெடியால் சில வேளை தன்னைக் காட்டிக்கொடுக்கும். கிருமி அவ்வாறும் செய்வதில்லை. பச்சைக் கோழியிறைச்சியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். நன்றாக வெந்தால் அவை மடிந்துவிடும். ஆனால் கோழியை அரிந்த கத்தியாலேயே வெங்காயத்தை அரிந்து தயிரில் போட்டால், அந்தப் பச்சடி அடுப்பேறுவதே இல்லையே! கோழியைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால் தெறிக்கும் துளிகள் அருகிலுள்ள தம்ளர்களிலும் விழும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து கட்டளைகளுள், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வை என்பதும் ஒன்றாகும். இறைச்சிக்கும் மீனுக்கும் தனிக் கத்தியும் பலகையும் இருத்தல் நன்று. இயலாதாயின் காய்கறியை முதலில் அரிந்துவிட்டு மீனைப் பின்னர் அரிக; பிறகு கத்தி, பலகை, கை மூன்றையும் சவுக்காரமிட்டுக் கழுவுக. குளிர்ப்பெட்டியில் மீன் மூடியிட்ட பாத்திரத்தில் கீழ்த்தட்டிலும், சமைத்த உணவும் பாலும் தயிரும் மேல்தட்டிலும் இருக்கட்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே விட்டுவைக்க வேண்டா.

சைவ உணவினருக்கு இது பொருந்தாதென எண்ண வேண்டா. தாதர் நிலையத்தருகே வாங்கிய கீரையின் மண்ணிலும் கிருமி உண்டு. தரையில் வைத்து எடுத்த சந்தைப் பையை அடுப்பு மேடையில் கிடத்தினால், அந்த மண் தேங்காய்த் துருவலுக்கும் வந்து சேரும்.

நம் முன்னோர் இவற்றை ஓரளவு அறிந்தே இருந்தனர். வாய் வைத்த கரண்டியை ஊறுகாய் ஜாடியில் விடாமையும், தம்ளரைத் தூக்கிக் குடிப்பதும் எச்சில் விலக்கும் நல்ல பழக்கங்களே. ஆயினும் அவற்றோடு பொல்லாத பழக்கமொன்றும் நம் பெட்டி படுக்கையுடன் ரயிலேறி வந்துவிட்டது. பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு மட்டும் தனித் தம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவர் துலக்கிய பாத்திரத்தில் நாம் உண்ணலாம். நம் தம்ளரில் அவர் காப்பி அருந்தலாகாதாம்! இது சுகாதாரமன்று, சாதி.

தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் என்னும் இல்லத்தில் வாழ்ந்த டாக்டர் அம்பேத்கர், 1927 மார்ச் 20 அன்று மகாட் ஊரின் சவதார் குளத்தில் தம் மக்களோடு நீர் அருந்தினார். குளம் தீட்டுப்பட்டதென்று சொல்லி, மேல்சாதியார் சிலர் பின்னர் 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றி அதனைத் ‘தூய்மை’ செய்தனர். மனிதர் கை பட்ட நீருக்குச் சாணத்தால் தூய்மை! பிறப்பில் அழுக்கைத் தேடும் கண்ணுக்குக் குடத்தில் உள்ள அழுக்கு தெரிவதில்லை.

கிருமி சாதி பார்த்துத் தொற்றுவதில்லை. கழுவாத கை யாருடையதாயினும் ஒன்றே. கழுவிய கையும் அவ்வாறே. ஆதலின் தனித் தம்ளரை நீக்கி, தனிக் கத்தியை வாங்குவோம். மருந்துப் புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத வேறிடத்திற்கு மாற்றுவோம். சந்தைப் பையைச் சுமந்து வரும் ஆடவரும் இதில் பங்கு கொள்வாராக. மேடையில் எதை எங்கே வைப்பது என்பது பெண்டிர் மட்டும் அறிந்திருக்க வேண்டிய செய்தியன்று.