ஜன்னலில் வைத்த விளக்கு

கலங்கரை விளக்கம் என்றவுடன் அலைமோதும் கடற்கரையையும் உயர்ந்த கோபுரத்தையுமே நீங்கள் எண்ணுவீர்கள். ஸ்காட்லாந்திலோ, கடலை விட்டுப் பல மைல் உள்ளே, நெஸ் ஏரியின் வடகிழக்கு முனையில், போனா என்னுமிடத்தில் இரண்டடுக்கு வீடொன்று உண்டு. அதன் மேல்மாடி ஜன்னலில் வைக்கப்பட்ட எண்ணெய் விளக்கே கலங்கரை விளக்கம்!

ஏரியின் நீளம் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். ஆழம் 230 மீட்டர். இருபுறமும் மலைகள், நடுவே சீறிவரும் காற்று. இரவில் வரும் மாலுமி, ஏரி குறுகிக் கலிடோனியன் கால்வாயை நோக்கித் திரும்பும் வாசலைத் தவறவிட்டால் கரையில் மோதவேண்டியதுதான்.

இக்கால்வாய் வெட்டப்பட்ட காரணத்தைக் கேளுங்கள். அந்நாட்களில் மலைநாட்டார் பிழைப்புத் தேடிக் கூட்டங்கூட்டமாய்க் கப்பலேறினர். வேலை கொடுத்தால் ஜனங்கள் சொந்த மண்ணில் தங்குவர் என்பது அரசின் நோக்கங்களில் ஒன்று. பணி 1803-ல் தொடங்கிற்று. பொறுப்பேற்றவர் தாமஸ் டெல்ஃபோர்ட். ஆடு மேய்ப்பவரின் மகன், கைக்குழந்தையாயிருக்கையிலேயே தகப்பனை இழந்தவர். ஏழாண்டு வேலை என்றார்கள். கால்வாய் திறக்கப்பட்டது 1822-ல். (அரசாங்கக் கணக்கு எத்தேசத்திலும் அப்படித்தான்!) அதற்குள் கப்பல்கள் பெருத்துவிட்டன, 29 மதகுகள் கொண்ட அவ்வழி பலவற்றுக்குப் போதவில்லை.

ஜனங்களின் புறப்பாடும் நிற்கவில்லை. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த உங்களுக்கு அது வியப்பாயிராது. வேலை இருந்தவரை சிலர் தங்கினர். பின்பு அவர்களும் கடல் கடந்தனர்.

போனா வீடு இன்றும் நிற்கிறது. கப்பல்களுக்காக ஒருவரும் அங்கே விளக்கேற்றுவதில்லை.