குளம்பின் வேதனை

பலெர்மோ நகரத்தில், 1897ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தியாத்ரோ மாஸ்ஸிமோ என்னும் இசை நாடக அரங்கின் முன்னே சவாரிக்குக் காத்து நிற்கும் குதிரை வண்டிகளின் அலங்காரத்தைக் கண்டு மகிழாத யாத்திரிகர் இல்லை. அக்குதிரைகளின் குளம்புகளைக் குனிந்து பார்ப்பவர்தாம் அபூர்வம். பில்லியேமி மலையில் வெட்டிய சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லைப் பாவிய பழைய வீதிகளில், கோடை வெயிலில், வண்டிப் பாரத்தோடு ஓடும் பிராணிக்கு அடிக்கு அடி ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தக் குளம்பே. அதைப் பேணுவதையே ஜீவனமாகக் கொண்ட முதியவர் ஒருவரின் வேலையைப் பார்ப்பதற்காக, பல்லாரோ சந்தையை அடுத்த சந்தொன்றில் இருந்த லாயத்துக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன்.

வலது முன்காலை நொண்டும் செம்பழுப்புக் குதிரை ஒன்றை அப்போதுதான் அதன் வண்டிக்காரர் கொண்டுவந்திருந்தார். “நேற்றுவரை நன்றாக ஓடியது, மேஸ்திரி” என்று அவர் பதறியதை நண்பர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். முதியவர் உடனே காலைத் தூக்கவில்லை. குதிரையைக் கல்தரையில் நேராக நடக்கவிட்டு, அதன் தலையைக் கவனித்தார். நோகும் முன்கால் ஊன்றும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பிறகு கணுவின் பின்புறம் விரல் வைத்து நாடி பார்த்தார். குளம்பின் சூட்டைப் பார்த்தார். அதற்கப்பால் அவர் சந்தேகித்தது தம் கைவேலையைத்தான். உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் இறங்கவேண்டிய லாட ஆணி சற்றே உட்புறம் சரிந்தாலும் உயிர்ச்சதையில் பாயும், அல்லது பாயாமலே அதை நெருக்கும். ஆகவே ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முனையில் ஈரமோ நாற்றமோ உண்டா என்று பார்த்தார். ஒன்றிலும் இல்லை. பின்னரே, நீண்ட பிடியுள்ள குறட்டால் உள்ளங்குளம்பை அங்குலம் அங்குலமாக அழுத்தினார். முன்னுனியருகே ஓரிடத்தில் குதிரை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. வளைந்த கத்தியால் அவ்விடத்தை மெல்லச் சீவ, கருஞ்சாம்பல் நிறச் சீழ் கசிந்தது. கல் குத்திக் கன்றிய இடம் உள்ளே பழுத்திருந்தது.

காரணம் எப்போதும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. மூத்திர ஈரத்திலேயே நின்றால் உள்ளங்குளம்பின் நடுவிலுள்ள மென்பகுதி அழுகும். நுனி நீண்டு வளர விட்டால் பின்பக்கத்துச் சிற்றெலும்பும் தசைநாரும் நையும். தானியத்தை அளவு மீறித் தின்ற குதிரைக்கோ, குளம்பையும் எலும்பையும் நகமும் சதையும் போல் பிணைக்கும் மெல்லிய தகடுகள் அழற்சியுற்று, முற்றினால் எலும்பே கீழிறங்கிவிடும். குளம்புச் சுவர் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்வதால், 6 முதல் 8 வாரத்துக்கொருமுறை சீவி லாடம் மாற்றுவதில் காட்டும் அசிரத்தையின் பலன் பல மாதங்கள் தொடரும்.

இந்த நகரத்துப் பேராலயத்தில் அடக்கமாகியிருக்கும் சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடெரிக் 1250இல் காலமானார். அவருடைய சபையைச் சேர்ந்த ஜோர்டானோ ருஃபோ எழுதிய குதிரை வைத்திய நூல் குளம்பு நோய்களையும் விரித்துரைக்கிறது. நகுலன் பெயரால் அசுவ சாஸ்திரம் வழங்கும் நம் நாட்டவருக்கு, அரசவையில் வளர்ந்த அந்தச் சிரத்தை அந்நியமானதன்று.

உப்புக் கலந்த வெந்நீரில் குளம்பை ஊறவைத்துக் கட்டுப்போட்ட முதியவர், ரணம் ஆறும்வரை சவாரி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வருமானம் போகும் வருத்தம் வண்டிக்காரர் முகத்தில் தெரிந்தாலும், அவர் எதிர்த்துப் பேசவில்லை. வாயில்லா ஜீவனின் நோவுக்குக் காரணம் தேடுபவர் தம் கையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலாளியின் தர்மமானால், உச்சி வெயிலில் நாலைந்து பேராய் வண்டியில் ஏறி, விரைந்து ஓட்டச் சொல்லும் நாமும் அந்தத் தேடலுக்கு விலக்கானவர்கள் அல்லோம்.