முப்பத்திரண்டு டேனிஷ் சிப்பாய்கள்

வீட்டில எனக்குப் "பொம்மைக்காரன்" எண்டு பேர். மனுசி வைச்சது. ஐம்பத்தைஞ்சு தாண்டின ஒரு மனுசன் வேலையால வந்து, தேத்தண்ணியும் குடிச்சிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேல பூதக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, 28 மில்லிமீற்றர் உயரச் சிப்பாய்க்குக் காற்சட்டை பூசிக்கொண்டிருந்தா வேற என்னண்டு கூப்பிடுறது? :-)

கேள்விப்படாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். வெள்ளீயக் கலவையில வார்த்த சின்னச் சின்னப் பொம்மைகளை வேண்டி, வரலாற்றில இருந்த மாதிரியே நிறம் பூசி, மேசையில மேடு, வேலி, வீடெல்லாம் வைச்சு, அடிமட்டத்தால அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி ஒரு பழைய சண்டையைத் திருப்பி விளையாடுறது. செஸ் மாதிரித்தான். என்ன, காய் ஒவ்வொண்டுக்கும் நாங்கள்தான் உடுப்புப் போட்டுவிடவேணும்.

நான் இருக்கிறது டென்மார்க்கில, யூலண்டில. எண்பதுகளின்ர கடைசியில வந்து சேர்ந்தனான். இஞ்சை "1864" எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும், கிழவர்மாரின்ர முகம் மாறும். அந்த வருசம் பெப்ரவரி 1 பிரஷ்யாவும் ஒஸ்ரியாவும் ஷ்லெஸ்விக்குக்குள்ள இறங்கினது. ஏப்ரல் 18 டூபல் அரண்கள் விழுந்தது. ஒக்ரோபர் 30 வியன்னாவில கையெழுத்துப் போட்டு ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்ரைன், லவன்பேர்க் மூண்டையும் டென்மார்க் குடுத்திட்டுது.

எல்லாரும் டூபலைத்தான் மேசையில வைப்பினம். எனக்கு அவ்வளவு பெரிய மேசையுமில்லை, காசுமில்லை. அதால லுண்ட்பியை எடுத்தன். ஓல்போர்க் நகரத்துக்குத் தெற்கால ஒரு சின்ன ஊர். 1864 யூலை 3, விடியக்காலமை. டேனிஷ் பக்கம் சுமார் 160 பேர், பிரஷ்யப் பக்கம் 124. ஆக்கள் கூட டேனிஷ் பக்கம்தான். ஆனா அவையின்ர துவக்கு வாயால மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற துவக்கு. பிரஷ்யரிட்ட இருந்தது டிரைசே ஊசித் துவக்கு. பின்பக்கத்தால குண்டு போடுறது, படுத்துக்கொண்டே போடலாம், சுடுறதும் கெதி. டேனிஷ் தளபதி பயனட்டோட ஓடிப்போய்ப் பிடிப்பம் எண்டு வெட்டைவெளியால ஆக்களை அனுப்பினார். பிரஷ்யர் ஒரு மண் அணைக்குப் பின்னால பாத்துக்கொண்டிருந்தினம். டேனிஷ் பக்கம் செத்தவை 32, காயப்பட்டவை 44. பிரஷ்யப் பக்கம் 3 பேருக்குக் காயம். அவ்வளவும்தான்.

காய் ஒண்டுக்கு ஐஞ்சு ஆள் எண்டு கணக்கு வைச்சன். 160ஐ ஐஞ்சாப் பிரிச்சா 32 பொம்மை. அப்ப அது எனக்கு வெறும் பிரித்தல் கணக்கு.

கண் இப்ப முந்தினமாதிரி இல்லை. அதால டேனிஷ் பக்கத்தை மட்டும் காசு குடுத்து ஒரு பெயின்ரரிட்டப் பூசுவிப்பம் எண்டு முடிவெடுத்தன். வேற நாட்டில இருக்கிறவர், நல்ல கை. பொம்மைகளை அனுப்பிப்போட்டு, "19ஆம் நூற்றாண்டு டேனிஷ் காலாட்படை, 32 பேர்" எண்டு ஒரு மெயில் போட்டன். விசரன்! இரண்டு கிழமையால மாதிரிக்கு நாலு பொம்மையின்ர படம் வந்தது. என்ன வடிவு... நாலும் நல்ல சிவப்புக் கோட்டில!

பிழை அவரில இல்லை. டேனிஷ் காலாட்படை 1848 வரைக்கும் சிவப்புத்தான். அந்த வருசப் போருக்கே சிவப்புக் கோட்டோடதான் வெளிக்கிட்டவை. பிறகுதான் கருநீலக் கோட்டும் இளநீலக் காற்சட்டையும் வந்தது. கொப்பனேகனில அரண்மனைக் காவலுக்கு நிக்கிற பெடியளிட்ட அந்த இளநீலக் காற்சட்டையை இண்டைக்கும் பாக்கலாம். சிவப்பு விசேச நாளுக்கு மட்டும். நான் "நூற்றாண்டு" எண்டு எழுதினன், அவர் அந்த நூற்றாண்டிலயிருந்து தனக்குப் பிடிச்ச வருசத்தை எடுத்தார்.

பூசக் குடுக்கிற ஆக்களுக்கு என்ர பட்டறிவு இதுதான்: நூற்றாண்டைச் சொல்லாதேங்கோ, வருசத்தைச் சொல்லுங்கோ. முடிஞ்சா மாசத்தையும். ஒரு படமாவது சேர்த்து அனுப்புங்கோ. அணிவகுப்பு உடுப்போ, ஐஞ்சு மாசம் சண்டையில கிடந்த உடுப்போ எண்டு சொல்லுங்கோ. முதலில ஒண்டே ஒண்டைப் பூசி, படம் காட்டின பிறகு மிச்சத்தைத் தொடச் சொல்லுங்கோ.

மிச்சம் 28ஐயும் அவர் நீலத்தில பூசித் தந்தார். இந்த நாலையும் நானே திருத்துறன் எண்டு சொல்லி அப்பிடியே அனுப்பச் சொன்னன்.

பூசின பெயின்ற்றைக் கழட்ட டெட்டோல் நல்லது. ஒரு போத்திலுக்க ஊத்தி இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய பல்லுத்தூரிகையால தேய்ச்சாச் சரி. உடன தண்ணி மட்டும் படக்கூடாது, பட்டா பசைமாதிரி ஒட்டிப்போடும். விடிய மனுசி குசினிக்குள்ள வந்து, "என்னப்பா இது, ஆசுப்பத்திரி மணம்" எண்டா. அப்பதான் எனக்கும் அந்த மணம் ஏறினது. யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரி விறாந்தை, 87ஆம் ஆண்டு. அதைப் பற்றி இண்டைக்கு எழுதேல்லை.

நாலையும் கறுப்பில அடிப்பூச்சுப் பூசி, மேல கருநீலம், பிறகு காற்சட்டைக்கு இளநீலம். கரைச்ச மண்ணிறத்தை மடிப்புகளுக்க ஓடவிட்டு, காலடிக்குத் தூசு நிறம் தொட்டு, கடைசியா மினுக்கமில்லாத வார்னிஷ். 28க்கும் ஒரே முகம், அச்சில வார்த்த ரோசாக் கன்னம். இந்த நாலுக்கும் வேற வேறயாய் முகம் பூசினன். ஒருத்தனுக்குச் செம்பட்டை மீசை. ஒருத்தன் வெயிலில கறுத்த கமக்காரன். ஒருத்தன் காய்ச்சல்காரன் மாதிரி வெளிறி. கடைசி ஆளுக்கு மீசை இன்னும் அரும்பேல்லை.

அந்தக் கடைசி ஆளைப் பூசிக்கொண்டிருக்கேக்க மகள் வந்து எட்டிப்பாத்தாள். "அப்பா, இதில ஆர் வெண்டது?"

நான் நிமிராமலே சொன்னன், "நாங்கள் தோத்துப்போனம்."

"நாங்கள் எண்டா?"

தூரிகை அப்பிடியே நிண்டிட்டுது. அந்தச் சொல்லை நான் இவ்வளவு காலமும் வேற ஒரு சனத்துக்குத்தான் பாவிச்சுக்கொண்டு வந்தனான். "டேனிஷ்காரர்" எண்டு திருத்திச் சொன்னன். இஞ்சை பிறந்தவள். "அப்ப நானும்தானே" எண்டிட்டுப் போட்டாள்.

அண்டிரவு முப்பத்திரண்டையும் மேசையில வரிசையா நிப்பாட்டி எண்ணினன். அப்பதான் உறைச்சது. நான் 160 பேருக்காக வைச்ச காயளும், அண்டைக்குச் செத்த ஆக்களும் ஒரே எண்ணிக்கை. கன புத்தகத்தில 32 எண்டு வாசிச்சுக் கடந்து போயிருக்கிறன். நாலு பேருக்கு முகம் பூசவே எனக்கு ஒரு கிழமை போச்சுது.

என்னோட விளையாடுறவர் பக்கத்து வீட்டு ஐயா, இளைப்பாறின பள்ளிக்கூட வாத்தியார். டேனிஷில எல்லாரையும் "நீ" எண்டுதான் கூப்பிடுறது. எனக்கு மனசுக்குள்ள அவர் "நீங்கள்"தான். வாற யூலை 3 விளையாடுறதா இருக்கிறம். அவர் டேனிஷ் பக்கம். பயனட்டோட ஓடமாட்டாராம், வேலிக்குப் பின்னால முப்பத்திரண்டு பேரையும் படுக்கவைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருப்பாராம்.

"அப்பிடிச் செய்தா சரித்திரம் பிழைக்குமே" எண்டு சொல்லிப் பாத்தன்.

"பிழைக்கட்டும்" எண்டார்.