ஹாலேயில் ஒரு பெரலிஹான் மாணவன்

அக்காவின் குரல்செய்தி வந்தபோது லைப்சிக்கிலிருந்து ஹாலே போகும் ரயிலில் இருந்தேன். "தம்பி, சின்னவன அடுத்த வருசம் எந்த ஸ்கூல்ல போடறதுன்னு எனக்கும் மாமாவுக்கும் ஒரே சண்டை. தமிழ்ப்பள்ளில போட்டா பிஎம் வராது, ஒன்ன மாதிரி பெரலிஹான்ல போய் உக்காருவான்னு அவரு சொல்றாரு. நீயே சொல்லு." மூன்று முறை கேட்டேன். 'ஒன்ன மாதிரி' வரும் இடத்தில் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

2009ல் யுபிஎஸ்ஆர் எழுதினேன். கணிதத்தில் ஏ, அறிவியலில் ஏ, மலாய் எழுத்துத் தாளில் டி. அந்த ஒரு டிக்காக அடுத்த ஆண்டு முழுவதும் புகுமுக வகுப்பு, அதாவது பெரலிஹான். கூடப் படித்தவர்கள் முதலாம் படிவத்தில் மாடியில் இருந்தார்கள். நாங்கள் கேண்டீனுக்குப் பின்னால், தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வந்த முப்பது பேர். கணிதம் நான் ஏற்கெனவே படித்ததுதான். பின் வரிசையில் உட்கார்ந்து அதையே திரும்பப் போட்டேன். அந்த ஒரு வருடம் பிறகு எல்லாவற்றிலும் தொடர்ந்து வந்தது. மூன்றாம் படிவம், எஸ்பிஎம், பல்கலைக்கழகம் எல்லாமே ஒரு வருடம் தாமதம். கல்யாண வீடுகளில் யாராவது "எந்தப் படிவம்மா?" என்று கேட்டால் அம்மா முந்திக்கொண்டு ஒன்றைக் கூட்டிச் சொல்வார். நான் பக்கத்தில் நின்று பாயாசம் குடித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது கூலிமில் சிப்புகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. மூன்று மாதப் பயிற்சிக்காக நிறுவனம் டிரெஸ்டனுக்கு அனுப்பியிருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு நாலாம் வகுப்பில் ஒரு மகள். ஒரு மதியம் அவர் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பள்ளியிலிருந்து பரிந்துரை வரும் நேரமாம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிகிறது. அடுத்து பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்லும் கிம்னாசியும் (நம் ஊர் ஜிம் இல்லை), அல்லது வேறு வகை இடைநிலைப்பள்ளி. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் இந்தப் பிரிப்பு பொதுவாக ஆறாம் வகுப்புக்குப் பிறகு. சில மாநிலங்களில் கடைசி முடிவு பெற்றோர் கையில், சிலவற்றில் மதிப்பெண் கையில். "அவளுக்குப் பத்து வயசுதான். இன்னும் பல்லே முழுசா விழுந்து முளைக்கல" என்றார். எங்கள் ஊரில் பன்னிரண்டு என்று சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

ஹாலேக்குப் போக எனக்கு வேறு காரணம் இருந்தது. தமிழ் அச்சின் கதையைப் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்கு ஹாலேயில் சிறிது காலம் படித்தவர். தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713ல் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. அளவில் ரொம்பப் பெரிசு, காகிதத்தை விழுங்கின. அதனால் அங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715ல் சீகன்பால்கு ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். அடுத்த ஆண்டு சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. ஆனால் தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய பெரிய புத்தகத்தை ஹாலே அச்சடிக்கவில்லை. உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதன் கதைகளை இங்கே பரப்ப அல்ல என்பது அவர்கள் நிலை. 1867ல்தான் அது சென்னையில் வெளிவந்தது.

இத்தனைக்கும் மையம் ஒரு பள்ளிக்கூடம். ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஹாலேக்கு வெளியே கிளவுகா என்ற ஏழைப் பகுதியில் பாதிரியார். 1695ல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார்கள். அதில் புத்தகம் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். பிறகு அநாதை இல்லம், 1697ல் லத்தீன் பள்ளி, கூடவே மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை. அவர் 1727ல் இறந்தபோது அந்த வளாகத்தில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த லத்தீன் பள்ளிதான் இன்றும் 'லத்தீனா' என்ற பெயரில் நடக்கும் மாநில கிம்னாசியும்.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டு. ரயிலடியிலிருந்து நடந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு மேம்பாலச் சாலை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பழைய கட்டடங்களின் முகத்துக்கு நேராகப் போட்டிருக்கிறார்கள். 1946ல் அறக்கட்டளையையே கலைத்துவிட்டார்கள். கட்டடங்கள் ஒழுகி, இடிந்து, 1990க்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. லாரிச் சத்தத்தைக் கடந்து உள்ளே நுழைந்தால் நீண்டு போகும் முற்றம். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள், மரச்சட்டங்கள் வைத்துக் கட்டிய ஆறு மாடி விடுதி உட்பட. காவலர் இல்லை, ஐசியை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் தரும் மேசையும் இல்லை. நம் ஊரில் பழைய மாணவனாகவே இருந்தாலும் இப்படி நுழைய முடியாது. ஒரு பெண் தன்னைவிடப் பெரிய செல்லோப் பெட்டியை முதுகில் சுமந்து ஓடினாள். லத்தீனாவில் இசைப் பிரிவு பேர்போனது. மாடி ஜன்னலில் யாரோ ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதே இடத்தில் தப்புவிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் படியில் உட்கார்ந்து ரொட்டிப் பெட்டியைத் திறந்து ஒருவன் ஆப்பிளை மற்றவனுக்குத் தள்ளினான். அதே வளாகத்தில் ஒரு தொடக்கப்பள்ளி, கிம்னாசியும் அல்லாத இன்னோர் இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத் துறைகள் என்று எல்லாம் இருக்கின்றன. ஒரே முற்றத்தைக் கடந்து இரண்டு வகைப் பிள்ளைகளும் போகிறார்கள். யார் எந்தப் பள்ளி என்று பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். சீருடை இல்லாததால் முடியவில்லை.

அநாதை இல்லத்தின் மேல்மாடியில் பழைய அருங்காட்சி அறை. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பொருள்கள், நம் பக்கத்திலிருந்து போனவையும் சேர்த்து, பாடம் நடத்தச் சேர்த்து வைத்தவை. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் உண்டு.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது முதலை இல்லை. ஃபிராங்கேயின் பள்ளிகளும் ஆளைப் பிரித்தவைதான். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, நகரத்துப் பிள்ளைகளுக்கு லத்தீன் பள்ளி, ஏழைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஜெர்மன் பள்ளிகள். விளையாட்டு என்ற பேச்சே கிடையாது, எப்போதும் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் நான் இருந்திருந்தால் ஓடிப்போயிருப்பேன். இருந்தாலும் அதற்குள் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கெட்டிக்கார அநாதைப் பையன் லத்தீன் பள்ளிக்கு ஏறலாம். இன்னொன்று, அங்கே வகுப்பு என்பது ஆளுக்கு இல்லை, பாடத்துக்கு. லத்தீனில் மேல் வகுப்பில் இருக்கும் பையன் கணக்கில் கீழ் வகுப்பில் போய் உட்காருவான், அடுத்த பாடத்துக்கு மறுபடி ஏறுவான்.

இதைப் படித்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். 1700களில் ஒரு கறாரான பாதிரியாருக்குத் தோன்றியது, 2010ல் கெடாவில் யாருக்கும் தோன்றவில்லை. மலாய்க்கு மட்டும் என்னைக் கேண்டீனுக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, கணிதத்துக்கு மாடிக்கு ஏற விட்டிருக்கலாம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனையில் சிப் தோற்றால் உடனே குப்பையில் போட மாட்டோம். சாக்கெட்டின் ஊசிமுனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவோம். முனையில் அழுக்கிருந்தால் நல்ல சிப்பும் தோற்கும். மறுசோதனையில் எத்தனை தேறின என்று வாரா வாரம் கணக்கு எடுப்போம், அது அதிகமானால் மேலாளர் திட்டுவது இயந்திரக்காரர்களைத்தான். பெரலிஹானை மட்டும் சொல்லி அழுவதும் நியாயமில்லை. எனக்கு மலாய் எழுத வந்தது அந்த வருடத்தில்தான். அந்த வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு நாளும் ஒரு பத்தி எழுத வைத்து, சிவப்பு மையில் முழுக்கத் திருத்தித் தருவார். எஸ்பிஎம்மில் பிஎம்முக்கு ஏ வாங்கியதற்கு அவர்தான் காரணம். அவருக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. வகுப்பு முடிந்ததும் அந்தப் பக்கமே போகவில்லை.

யுபிஎஸ்ஆரை 2021ல் எடுத்துவிட்டார்கள். பெரலிஹான் இருக்கிறது. மாமா பயப்படுவதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிறவர், ஒரு வருடம் என்றால் என்னவென்று சம்பளக் கணக்கில் தெரிந்தவர்.

லிண்டன் மரத்தடியில் நின்று அக்காவுக்குப் பதில் பதிவு செய்தேன். நடுவில் மணி அடித்து, பிள்ளைகள் கூச்சலோடு வெளியே வந்ததால் முதல் பதிவை அழித்துவிட்டு மறுபடி பேசினேன். "அக்கா, தமிழ்ப்பள்ளிலயே போடு. பிஎம்ம நான் பாத்துக்கறேன். திரும்பி வந்ததும் சனிக்கிழமை சனிக்கிழமை சுங்கைப்பட்டாணிக்கு வந்துடறேன். கத விடல, நெசமாத்தான். ஒன்னாம் ஆண்டுலேர்ந்தே ஒரு நாளைக்கு ஒரு வரி எழுத வைப்பேன். அப்புறம் அம்மாகிட்ட சொல்லு, நான் பெரலிஹான் படிச்சத யார் கேட்டாலும் சொல்லலாம்னு."

நீல டிக் உடனே விழுந்தது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. மலேசியாவில் மாலையாகியிருக்கும், மாமா ஷிஃப்ட் முடிந்து வந்திருப்பார்.

பிறகு அக்கா எழுதினாள்: "சனிக்கிழமைய மாமாகிட்ட நீயே சொல்லு. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

அழைத்தேன். மாமா எடுத்து, கொஞ்சம் இருமிவிட்டு, "அங்க ரொம்பக் குளிராப்பா?" என்று கேட்டார்.