நான் வெட்டிய பத்திகள்

இரண்டு பேருக்கு நான் தீங்கு செய்தேன். இருவரும் யூத மாணவர்கள், எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

2015 வசந்த காலம். கலிஃபோர்னியாவின் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகை நிருபராக இருந்தேன். பாலஸ்தீனப் பகுதிகளை இஸ்ரேல் ஆக்கிரமித்திருப்பதில் ஆதாயம் பெறுவதாகக் குற்றம்சாட்டப்பட்ட நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகம் தன் முதலீட்டை விலக்கிக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானம் மாணவர் மன்றத்துக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010 மார்ச்சில் இதே போன்ற தீர்மானம் 16-4 என்று நிறைவேறியதும், மன்றத் தலைவர் அதை வீட்டோ செய்ததும், வீட்டோவை முறியடிக்கத் தேவையான 14 வாக்குகள் கிடைக்காமல் போனதும் எனக்கு மனப்பாடம். இந்த விவகாரத்தைக் கரைத்துக் குடித்தவன் என்ற கர்வம் இருந்தது.

யூத மாணவர்கள் ஒரே குரலில் பேசுபவர்கள் அல்ல என்பதும் தெரியும். இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்பவர்களுக்கு மேடை தருவதில்லை என்று யூத மாணவர் அமைப்பான ஹில்லெல் விதி வகுத்திருந்தது. 2013 டிசம்பரில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஹில்லெல் கிளை மாணவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட மறுத்தார்கள். 2015 மார்ச்சில் ஹில்லெல் என்ற பெயரையே கைவிட்டார்கள். இதையெல்லாம் படித்தவன்தான் நான்.

எங்கள் மன்றக் கூட்டம் நள்ளிரவைத் தாண்டியது. ஒரு மாணவி ஒலிவாங்கியின் முன் வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் யூதர்களின் சபாத் விருந்துக்குப் போகிறவள். தீர்மானத்தை ஆதரித்துப் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் பேசி முடித்தாள். எதிர்த்துப் பேசிய மாணவன் ஒருவன் வெளியே தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னான்: "பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு விடுதியில் ஒவ்வொருத்தருக்கும் நான் விளக்கம் சொல்லணுமே, அதுதான் பயமா இருக்கு." இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

தீர்மானம் நிறைவேறியது. செய்தி நீளமாகிவிட்டது, குறைக்கச் சொன்னார் ஆசிரியர். எதை வெட்டுவது என்று அவர் சொல்லவில்லை. நான்தான் முடிவு செய்தேன்.

மாணவி பேசியதை முழுவதும் எடுத்தேன். மாணவன் குடியேற்றங்களைப் பற்றிச் சொன்னதை எடுத்தேன். அவன் பயம் மட்டும் மிஞ்சியது. 'யூத மாணவர்கள் தீர்மானத்தை எதிர்த்தனர்' என்று ஒரு வரி சேர்த்தேன். செய்தி கச்சிதமாக இரண்டு அணியாகப் பிரிந்து நின்றது. இடம் போதாததால் அல்ல. அரங்கில் எழுந்த கைதட்டலை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது நன்றாக வந்திருந்ததால் அதில் கை வைக்கவில்லை. எனக்குப் பயமும் இருந்தது. அவளை எழுதினால் ஒரு தரப்பு திட்டும், அவன் பேச்சை முழுதாகப் போட்டால் மறு தரப்பு திட்டும். இருவரையும் வெட்டியபோது நிம்மதியாக இருந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில், மாணவர் நீதிக்குழுவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மாணவியிடம், யூதரான உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா என்று மன்றத்தில் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அதைக் கண்டித்துச் சத்தம் போட்டவன் நான். பிறப்பை வைத்து ஒருவர் கருத்தை முடிவு செய்வதா என்று கேட்டேன். சில வாரங்களில் அதையே அச்சில் செய்தேன்.

செய்தி வெளிவந்த பிறகு அந்த மாணவனை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மறித்து, குடியேற்றங்களை நியாயப்படுத்துகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். கையில் எங்கள் பத்திரிகை. நான் அச்சிட்டிருந்தால் அவனைக் காத்திருக்கும் வாக்கியம் என் குறிப்பேட்டில் கிடந்தது. அவன் விடுதிப் பிரதிநிதி பொறுப்பிலிருந்து விலகினான்.

மாணவி என்னைத் தேடி வந்தாள். சபாத் மேசையில் அவளோடு பேசுவதைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். தீர்மானத்தை ஆதரித்தவர்களோ, யூதர் ஒருவர்கூட எங்களோடு நிற்கவில்லை என்று என் செய்தியைக் காட்டிப் பேசினார்கள். அவள் கோபப்படவில்லை. "நான் பேசினேன் இல்லையா? நீ அங்கேதானே இருந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

"இடம் போதவில்லை" என்றேன். அது பொய்.

மாணவர் தீர்மானம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. எங்கள் பல்கலைக்கழகத்தின் முதலீட்டில் ஒரு டாலர்கூட நகரவில்லை. இழந்தவர்கள் அந்த இரண்டு பேர்.

திருத்தம் வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இப்போது கேட்டால் அவர்கள் பெயர் மறுபடி அடிபடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதையும் நீங்கள் சாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.