பீவர் பொறியும் பிடிப்பவர் கையும்

பீவரின் கழுத்தை ஒரே அடியில் நெரிப்பதற்கென்று வடிக்கப்பட்ட உருக்குச் சட்டம், தன் நடுவே அகப்பட்டது பிராணியின் கழுத்தா, பொறி வைத்தவனின் மணிக்கட்டா என்று பேதம் பார்ப்பதில்லை. ஆகையினால் பொறி வைக்கும் தொழிலில் நீடித்திருப்பவர்கள் பொறியை வைக்கும் சாமர்த்தியத்துக்குக் கொடுக்கும் சிரத்தையில் சிறிதும் குறையாமல், கையை அதனிடமிருந்து காத்துக்கொள்ளும் முறைக்கும் கொடுத்து வருகிறார்கள். கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில், நார்த் பே நகரத்துக்கு அப்பால் ஏரியும் ஓடையும் சதுப்புமாக விரிந்து கிடக்கும் காட்டுப் பிரதேசத்தில், இலையுதிர் காலத்தின் இறுதியில் அவர்களுடன் சில நாட்கள் தங்கி, இதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

பீவர் என்பது மரத்தைப் பல்லால் அறுத்து வீழ்த்தி, கிளையும் சேறும் கொண்டு ஓடையில் அணை கட்டி, தனக்கென்று ஒரு குளத்தையே உண்டாக்கிக்கொள்ளும் கொறிவிலங்கு. வளர்ந்த பிராணி இருபது கிலோவுக்கு மேலும் நிறை காணும். அதன் ரோமத்துக்காகவே 1670-இல் ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனி அரச சாசனம் பெற்றது. அந்நாட்டின் ஐந்து சென்ட் நாணயத்தில் இன்றும் அதன் உருவம் இருக்கிறது. அணைநீர் பெருகி ரஸ்தாவையும் ரயில் பாதையையும் வெள்ளம் கொள்ளும்போது அதைப் பிடிக்க வேண்டிய அவசியமும் ஏற்படுகிறது.

முற்காலத்துப் பொறிகள் பிராணியின் காலைக் கவ்விக்கொண்டு அதனை உயிருடன் வைத்திருந்தன. வடமேற்குப் பிரதேசங்களில் வெகுகாலம் பொறித்தொழில் செய்த பிராங்க் கானிபேர் என்பவர், அவ்வாறு அகப்பட்ட ஜீவன்கள் படும் வேதனையைக் கண்டு மனம் பொறாமல், உடனே உயிரைப் போக்கும் ஒரு யந்திரத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் சிந்தித்து வந்தார். அவருடைய சிந்தனையின் பலனாகிய பொறி 1950-களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்தது. பொறிகள் எவ்வளவு விரைவில் பிராணியை நினைவிழக்கச் செய்ய வேண்டும் என்பதற்குக் கனடாவும் ஐரோப்பிய யூனியனும் ரஷ்யாவும் 1990-களின் பிற்பகுதியில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி பீவருக்கு விதித்த எல்லை 300 விநாடி. ஜீவகாருண்யத்தில் பிறந்த அந்தப் பொறியின் வேகமும் பலமுமே கைக்கு அபாயமாகவும் இருக்கின்றன என்பதை நான் அங்கே போய்த்தான் உணர்ந்தேன்.

புதிதாக உரிமம் பெற விரும்புகிறவர்கள் ஒரு பயிற்சி வகுப்பில் தேறியாக வேண்டும் என்பது அந்த மாகாணத்தின் விதி. அத்தகைய வகுப்பொன்றில், நீண்ட மேஜையின்மேல் கானிபேர் வகையைச் சேர்ந்த, 330 என்ற எண்ணுள்ள பீவர் பொறி கிடந்தது. பத்து அங்குலச் சதுரமாக வளைத்த இரண்டு கம்பிச் சட்டங்கள், எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுக் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல் திரும்புகின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றும் நடுவில் சுருண்டு, இரண்டு கைகளாக நீண்டு, கைகளின் நுனியில் சட்டங்களைச் சுற்றிய வளையங்களாக முடிகிறது. அந்தக் கைகளை நெருக்கிப் பிடித்தால் சட்டங்கள் திறக்க இடங்கொடுக்கும். விட்டுவிட்டாலோ, வளையங்கள் விலகி ஓடிச் சட்டங்களை மேலும் கீழுமாக அறைந்து மூடும். ஆசிரியராயிருந்த முதியவர் ஒரு பருத்த குச்சியை நடுவில் நீட்டி விசைக் கம்பியைத் தொட்டார். அந்த ஓசையைக் கேட்டதும் வகுப்பிலிருந்த எல்லோரும் தங்கள் கைகளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டதைக் கண்டேன்.

பிறகு அவர் காட்டியது முழுக்க முழுக்க வரிசைக் கிரமம் பற்றியதே. நீண்ட பிடியுள்ள இடுக்கியால் ஒரு ஸ்பிரிங்கை நெருக்கி, அதிலேயே தொங்கும் கொக்கியை ஸ்பிரிங்கின் கைகள் இரண்டின்மேலும் மாட்ட வேண்டும்; அடுத்து மற்றொன்றையும் அவ்விதமே பூட்ட வேண்டும்; அதன் பிறகே சட்டங்களைத் திருப்பி விசைப் பல்லில் நிறுத்த வேண்டும். நிறுத்திய உடனே, இரண்டு சட்டங்களையும் சேர்த்துக் கவ்வும் தனிப் பிடிப்பான் ஒன்றை மாட்டிவிட வேண்டும். விசை நழுவினாலும் சட்டம் விரியாமல் தாங்குவது அதுதான். தண்ணீரில் கழிகளுக்கிடையே பொறியை அசையாமல் நிறுத்திய பின்னர் கொக்கிகளை விடுவித்து, பிடிப்பானை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுக்க வேண்டும். பொறியைத் திரும்ப எடுக்கும்போது முதலில் மாட்ட வேண்டியதும் அந்தப் பிடிப்பானே. விசைக் கம்பியைச் சரிப்படுத்த வேண்டுமானால் கையை வெளிப்புறத்திலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். சட்டத்தின் நடுவழியாக நீட்டுவது, எத்தனை வருஷ அநுபவஸ்தராயினும், கூடவே கூடாது. காயங்கள் பெரும்பாலும் தெரியாதவர்களுக்கு நேர்வதில்லையாம். குளிர் விரலை மரக்கச் செய்ய, பொழுதும் சாய, “இந்த ஒரு தடவைதானே” என்று பிடிப்பானைப் பையிலேயே விட்டுவிடும் தேர்ந்தவர்களுக்குத்தான் நேர்கின்றனவாம். இதைச் சொல்லும்போது முதியவரின் குரல் கண்டிப்பாகவே ஒலித்தது. அவ்வளவு கண்டிப்பு அவசியம் என்றே நானும் கருதுகிறேன்.

இவ்வளவு ஜாக்கிரதையையும் மீறிக் கை அகப்பட்டால் என்ன செய்வது? வகுப்பின் பெரும்பகுதி நேரம் இதற்கே செலவாயிற்று. இடுக்கியை ஒற்றைக் கையால் நெருக்குவது மிகக் கடினம். காட்டில் உதவிக்குக் கூப்பிடவும் ஆள் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு முனையில் சுருக்கிட்ட ஆள்நீளக் கயிறொன்றை, இரு கைகளில் எந்தக் கையாலும் எட்டக்கூடிய பையில், எப்போதும் வைத்திருக்கிறார்கள். அகப்பட்ட கையை வெடுக்கென்று இழுக்காமல், சுருக்கைப் பாதத்தில் மாட்டி, மறுமுனையை ஒரு ஸ்பிரிங்கின் இரு வளையங்களுக்குள்ளும் இருமுறை கோத்து, காலை ஊன்றிக் கயிற்றை மேல்நோக்கி இழுத்தால், வளையங்கள் மெல்ல நெருங்கி வரும். நெருங்கியதும் கயிற்றின் இறுக்கத்தை விடாமலேயே கொக்கியை மாட்டிவிடலாம். இரண்டாவது ஸ்பிரிங்கையும் இப்படியே அடக்கினால் கை விடுபடும். வழிதவறி வந்த வேட்டை நாய் பொறியில் அகப்பட்டாலும் அதைக் காப்பாற்றும் வழி இதுவே.

தகப்பனார் பொறிகள் வைத்துவந்த பகுதியாகிய பொறித்தடத்தை ஏற்று நடத்த வந்திருந்த ஓர் இளம்பெண், கையின் ஸ்தானத்தில் ஒரு மரக்கட்டை கிடக்க, வலது கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு இடது கையால் மட்டும் இதைச் செய்து பார்த்தாள். முதலில் கயிறு ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு வழுக்கிற்று. பிறகு கொக்கி எட்டவில்லை. முதியவர் அவளுக்கு உதவி செய்யவில்லை. காட்டில் உதவி செய்ய நான் இருக்க மாட்டேனே என்று மட்டும் சொன்னார். கட்டையை விடுவித்த பிறகும் அவள் எழுந்து போகாமல், கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் செய்தாள்; விளக்கில்லாத வேளையில் அகப்பட்டால் கண் உதவாதல்லவா? அந்த அப்பியாசத்தை அவள் தானாகவே நினைத்துச் செய்தது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்கிற்று.

மறுநாள் ஓர் ஓடையில், இடுப்பளவு ரப்பர் உடுப்பும் தோள்வரை நீண்ட கையுறையுமாக முதியவர் இறங்கினார். கையுறை குளிரைத் தடுக்குமேயன்றி எலும்பைக் காக்காது என்று முன்னரே சொல்லியிருந்தார். பீவர் நீந்திப் போகும் வாய்க்காலில் பொறியை நிறுத்தி, கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் பிடிப்பானை எடுத்தபோது அவருடைய மற்றொரு கை முதுகுப்புறம் மடங்கியிருந்தது; ஒரு கைக்குரிய வேலையில் இரண்டாவது கை பொறியின் அருகே இருக்கக் கூடாதென்பதற்காக அவர் வழக்கப்படுத்திக்கொண்டதாம் அது. கரையேறியதும் பிடிப்பானின் வாயையும் கொக்கிகளின் வளைவையும் விரலால் தடவிப் பார்த்து, தேய்ந்திருந்த கொக்கி ஒன்றைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, அடுத்த வாய்க்காலுக்குப் புறப்பட்டார்.