மூன்று நாள் கொழும்பு

கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிவிட்டதே, நாம் இரண்டு பேருமாக எங்காவது போய் வந்தால் என்ன என்று என் மனைவி கேட்டபோது, கொடைக்கானல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"கொடைக்கானலுக்குக் காய்கறி லாரி கூடத்தான் தினமும் போகுது. கடல் வேணும், பக்கத்திலே பெரிய ஊரும் வேணும். மூணு நாள் போதும்" என்றாள்.

கொழும்பு என்று முடிவாயிற்று. மலைக்கோட்டையைத் தவிர வேறு உயரமும், குடிநீர்க் குழாயைத் தவிர வேறு நீர்நிலையும் அறியாத திண்டுக்கல்காரனுக்கு இது பெரிய துணிச்சல்தான்.

நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட உட்கார்ந்தோம். ஒரு காலத்தில் எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயிலில் ஏறித் தூத்துக்குடியில் இறங்கினால் கொழும்புக்குக் கப்பல் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றுபோயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டார்களே என்றால், அது யாழ்ப்பாணத்துக்கு அருகே. கொழும்பு அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆகவே மதுரையிலிருந்து விமானம். மே மாதத்துக்குப் பிறகு அங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்; ஐப்பசியிலும் பெய்யும். பொங்கல் கழிந்து போவதே உத்தமம். முதல் நாள் மாலை காலிமுகத் திடல், கடலைப் பார்த்தபடி இறால் வடை. இதை நான் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

இரண்டாம் நாளுக்கு என் மனைவி எழுதியது: "செட்டியார் தெரு. பெரியம்மா."

நகைக்கடைத் தெரு அது. ஆனால் அவள் தேடியது நகையல்ல. என் மாமியார் பிறந்தது கொழும்பில். அவர் தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு தானியக் கடையில் கணக்கெழுதியவர். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்களே, அந்தக் கணக்கில் இந்தக் குடும்பமும் பிளந்தது. மூத்த பெண்ணுக்கு அங்கேயே கல்யாணமாகி, புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. மற்றவர்கள் 1972-இல் கப்பலேறி, திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறைக்காரரின் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கினார்கள். மாமியாருக்கு அப்போது பதினான்கு வயது. அக்காளிடமிருந்து தீபாவளிக்குத் தீபாவளி கடிதம் வந்துகொண்டிருந்ததாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"எதுக்கும்மா போய்க் கேக்கணும்?" என்றார் மாமியார். "இப்போ எங்கேயோ இருக்கான்னு நெனச்சுக்கலாம். கேட்டுட்டா அதுவும் போயிரும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கதை எழுதுகிறவன் முடிவைத் தள்ளிப்போடுவதில் பழக்கப்பட்டவன். என் மனைவிக்குப் படவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை; பரிமாறும் கரண்டிதான் பேசிற்று. நானும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை நான் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் காப்பியை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"கதிரேசன் கோயிலுக்குப் பின்னாடிச் சந்து, மாப்பிள்ளை. நம்பர் ஞாபகம் இல்லை. மாடி ஜன்னல்லே நின்னா ஆடிவேல் தேர் கெளம்புறது தெரியும். அக்கா என்னைத் தூக்கிக் காட்டுவா."

எழுதிக்கொண்டேன். அப்போதும் அவர் போகவில்லை.

"பாஸ்போர்ட்டுக்குப் பொறந்த சர்ட்டிபிகேட் கேப்பாங்களா?"

"ஏதாவது கேப்பாங்க, அத்தை."

"தாயகம் திரும்பியோர் அட்டை இருக்கு. அப்பா அதைப் பத்திரமா வெச்சிருந்தார்" என்று சொல்லி, டிரங்குப் பெட்டி இருக்கும் அறைக்குப் போனார்.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு என்று போட்டிருந்த இடங்களை மூன்று என்று திருத்தினேன். செலவுக் கணக்கு என் அடுத்த நாவலின் முன்பணத்தைத் தாண்டிவிட்டது. காலிமுகத் திடலை மட்டும் இரண்டாகவே விட்டிருக்கிறேன்.